கடைசியாக உள்ளே வந்தவர்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் யாரையும் யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் ஒற்றை ஆளாகச் சுமந்தவளுக்கு சிஸ்டம் அக்கா என்று பெயர். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவள்தான், ரிப்போர்ட் வரவில்லை என்றாலும் அவள்தான்; சுவர்க் கடிகாரம் நின்றுபோனால்கூட அவளைத்தான் கூப்பிடுவார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தே பொழுதைக் கழிக்கும் டெக்னீஷியனுக்கு லென்ஸ் என்று பெயர். வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதி, ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பவர் ரிசப்ஷன் அம்மா. ரத்தம் எடுப்பவர் ஊசி அண்ணன்.

ஊசி அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். குத்தியதே தெரியவில்லை என்று நோயாளிகள் சொல்லும் கை. நிலையத்துக்கு வரமுடியாதவர்களின் வீடுகளுக்குக் காலையிலேயே ஐஸ் பெட்டியோடு வண்டியில் கிளம்பிவிடுவார். ஒன்பதரை மணிவாக்கில் திரும்பி வந்து, எடுத்த ரத்தக் குழாய்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். சிஸ்டம் அக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கும் அவர் மேல் மரியாதை உண்டு. அந்தத் திங்கட்கிழமை வரை இருந்தது.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அவள் குரலே சரியில்லை. அவளுடைய வீட்டுக்காரர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர். மூன்று வாரத்துக்கு முன் உடம்பு அசதியாக இருக்கிறது என்று அக்காவின் நிலையத்திலேயே ரத்தம் கொடுத்துப் பார்த்ததில், சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. மருந்து சாப்பிட்டு இறக்கிவிடலாம், அதுவரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று குடும்பத்துக்குள் பேசி வைத்திருந்தார்கள். இப்போது கம்பெனி அவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று இறக்கிவிட்டிருக்கிறது. சர்க்கரை எவ்வளவு என்கிற எண்ணிக்கை வரை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதாம்.

“நாங்க யார்கிட்டயும் சொல்லலக்கா. அவரும் சொல்லலங்கறாரு. அந்தப் பேப்பர் இருந்தது எங்க வீட்டுலயும் உன் ஆபீஸ்லயும்தான்,” என்றாள் தங்கை.

சிஸ்டம் அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தன் இடத்திலிருந்து, தன் கண்ணுக்கு முன்னால், எவரோ வீட்டு விஷயத்தைக் கடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள் என்கிற நினைப்பு நெஞ்சில் முள்ளாக நின்றது.

யார் எந்த ரிப்போர்ட்டைத் திறந்தார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அதற்கு வழி செய்துவைத்ததே அவள்தான். ரிப்போர்ட்டுகள் அந்த நிலையத்தில் இருப்பதில்லை. எல்லாம் நிலையத்தை நடத்தும் ஆஸ்பத்திரியின் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. நிலையத்தில் யாராவது ஒரு ரிப்போர்ட்டைக் கேட்டால், அவள் எழுதிய புரோகிராம் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். தபாலில் உள்ளே இருக்கும் கடிதம் வேறு, உறையின் மேல் எழுதும் விவரம் வேறு அல்லவா? அதுபோல ஒவ்வொரு கோரிக்கையின் மேலும் சில வரிகள் போகும். அவற்றுக்கு ஹெட்டர் என்று பெயர். எந்த நிலையம், உள்ளே நுழைய அதன் ரகசியச் சாவி எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்காரர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். கேட்கிற ஆள் யார் என்பதும் உறையின் மேல் வரவேண்டும், இல்லாவிட்டால் ரிப்போர்ட் தரமாட்டோம் என்றார்கள். சிஸ்டம் அக்கா ஒரே மத்தியானத்தில் அந்தப் புது ஹெட்டரைச் சேர்த்துக் கொடுத்தாள். மறுநாளே எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆஸ்பத்திரி அந்தப் பெயர்களை நேரத்தோடு குறித்து வைத்துக்கொண்டது. அந்தப் பட்டியலைத் திரும்ப வாங்கிப் பார்க்கவேண்டிய அவசியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவுக்கு போன் செய்து, ரத்தம் கொடுத்த நாளுக்கு முந்தின நாள் தொடங்கி இன்றுவரையுள்ள மூன்று வாரப் பட்டியலை அனுப்பச் சொன்னாள். மதியம் வந்தது. தங்கை வீட்டுக்காரரின் ரிப்போர்ட் ஒரே ஒரு தடவை திறக்கப்பட்டிருந்தது. ரத்தம் கொடுத்த அதே நாள், நேரம் நான்கு பத்து. திறந்தவர், ஊசி அண்ணன்.

அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். ஊசி அண்ணனின் தம்பி அதே பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். இது நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தம்பி தயவில் பஸ்ஸில் இடம் பிடித்துத் தந்த கதையை அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. கணக்கு இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் கசப்பான திருப்திகூட உண்டானது.

பட்டியலை இன்னும் கீழே தள்ளிப் பார்த்தாள். அன்று ஒரு நாளில் மட்டும் ஊசி அண்ணன் பெயரில் நூற்றுப் பத்து ரிப்போர்ட்டுகள் திறக்கப்பட்டிருந்தன. அதற்கு முந்தைய நாள் நூற்று நான்கு. ரத்தம் எடுப்பவருக்கு ரிப்போர்ட்டைப் பார்க்கிற வேலையே கிடையாது. இது ஒருநாள் கூத்தில்லை, ஊரில் உள்ளவர்கள் வியாதியையெல்லாம் இந்த மனிதர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். ரிசப்ஷன் அம்மா நாள் முழுக்கப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேதானே இருக்கிறார், அவர் பெயர் ஏன் காலை நேரத்தோடு நின்றுபோகிறது என்று அவள் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. தேடியது கிடைத்துவிட்ட பிறகு யார் மேலும் தேடுகிறார்கள்?

மேனேஜரிடம் போய்ப் பட்டியலைக் காட்டினாள். அவர் அதிகம் பேசாதவர், பிரச்சினை என்றால் கதவைச் சாத்திவிட்டுப் பேசுபவர். கதவைச் சாத்தினார். ஊசி அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். சிஸ்டம் அக்காவும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஊசி அண்ணன் அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அவர் பெயர் வரிசையாகக் கீழே வரை இறங்கியிருந்தது.

“நான் யாரோட ரிப்போர்ட்டையும் தொறந்ததில்ல சார். அதுக்கு எங்க அமுக்கணும்னே எனக்குத் தெரியாது,” என்றார்.

தம்பி வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி மேனேஜர் கேட்டபோது அவர் முகம் கறுத்தது. சிஸ்டம் அக்கா அதைக் குறித்துக்கொண்டாள். மாட்டிக்கொண்ட முகம் என்று அவளுக்குப் பட்டது. அவர் மேனேஜரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். எதையோ எதிர்பார்ப்பதுபோல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். விசாரணை முடியும்வரை ஒரு வாரம் வீட்டில் இருங்கள் என்று மேனேஜர் சொன்னார். ஊசி அண்ணன் ஐஸ் பெட்டியை வழக்கமான இடத்தில் வைத்து, ஈரத்துணியால் துடைத்து, மூடிவிட்டுக் கிளம்பினார். அவள் அவருடைய லாகினை மூடினாள்.

இத்தோடு முடிந்தது என்று அவளால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஒருவர் இப்படிச் செய்திருந்தால் மற்றவர்கள் என்னென்ன செய்கிறார்களோ? தினமும் முந்தின நாள் பட்டியலை அனுப்பும்படி ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்தாள்.

முதல் பட்டியல் வந்தது. ரிசப்ஷன் அம்மா பெயரில் நூற்று எட்டு. இத்தனை நாளும் காலையில் ஏழெட்டோடு நின்றவர், ஊசி அண்ணன் போன அடுத்த நாளே நூற்று எட்டு எப்படி? யோசித்து யோசித்து அவள் ஒரு விடை கண்டுபிடித்தாள். இருவரும் கூட்டு. இத்தனை நாள் இந்த அம்மா அவருடைய பெயரில் உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கதவு மூடியதும் வேறு வழியின்றித் தன் பெயரிலேயே நுழைகிறார். இதை நினைத்தபோது தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

இரண்டாம் பட்டியல் வந்தது. ரிசப்ஷன் அம்மா பெயரில் மறுபடி வெறும் ஒன்பது. லென்ஸ் பெயரில் தொண்ணூற்றாறு.

ஆக மூன்று பேர். அன்று மதியம் சாப்பாட்டு அறைக்குள் அவள் நுழைந்தபோது, ரிசப்ஷன் அம்மாவும் லென்ஸும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அவள் டப்பாவைத் திறந்து, தலையைக் குனிந்து, ருசி தெரியாமல் சாப்பிட்டாள். அவர்கள் பேச்சை நிறுத்தியதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இருபது வருஷமாகக் கூட வேலை பார்த்த ஒருவரைப் போட்டுக்கொடுத்தவள் உள்ளே வந்தால் யார்தான் சிரித்துப் பேசுவார்கள்? ரிசப்ஷன் அம்மா எழுந்து கை கழுவப் போனவர் திரும்பவில்லை. லென்ஸ் மட்டும் ஒப்புக்கு, வெளியே வெயில் அதிகமா என்று கேட்டுவைத்தான்.

அன்று காலையில் அவளுடைய பஸ் வழியில் நின்றுபோய், பத்து மணிக்குத்தான் நிலையத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். மறுநாள் காலை மூன்றாவது பட்டியல் வந்தது. இன்று யார் மாட்டப்போகிறார்கள் என்று திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூற்றுப் பதின்மூன்று ரிப்போர்ட்டுகள். திறந்தவர், அவளே.

முதலில் அவளுக்கு வந்த நினைப்பைச் சொன்னால் சிரிப்பு வரும். தன் பாஸ்வேர்டை எவரோ திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். அவசர அவசரமாக அதை மாற்றினாள். நாற்காலியைத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு, எத்தனை மணிக்கு நுழைந்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று பட்டியலை மேலேயிருந்து படித்தாள். எட்டு மணியிலிருந்து ரிசப்ஷன் அம்மா. ஒன்பதேகால் முதல் லென்ஸ். பத்து மணி இரண்டு நிமிஷத்திலிருந்து கடைசி வரை அவள் மட்டும்தான். இடையில் வேறு ஒருவர் பெயர்கூட இல்லை. பத்து மணி ஒரு நிமிஷத்துக்குத்தான் அவள் வந்து லாகின் செய்தாள்.

விரல் அந்த இடத்திலேயே நின்றது. மற்ற இரண்டு பட்டியல்களையும் எடுத்தாள். முதல் நாள், வாசல் கம்ப்யூட்டர் நின்றுபோய், ரிசப்ஷன் அம்மா மறுபடி உள்ளே நுழைந்தது பத்தரைக்கு. அவளே போய் அதைச் சரிசெய்து கொடுத்திருந்தாள். அன்று முழுக்க அவர் பெயர். இரண்டாம் நாள் கடைசியாக வந்தவன் லென்ஸ். அன்று முழுக்க லென்ஸ். அதற்கு முன் ஆறு மாதமும் தினமும் வீடு வீடாகப் போய்விட்டுக் கடைசியாக வந்து உட்காருகிறவர் யார்?

தான் எழுதிய புரோகிராமைத் திறந்தாள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஆஸ்பத்திரியோடு பேசுகிற பகுதியை அவள் நிலையம் முழுவதற்கும் ஒன்றாகச் செய்திருந்தாள். நிலையத்தின் பெயரும் சாவியும் எல்லாருக்கும் பொது. அவற்றை ஒரு தடவை எழுதிவைத்தால் போதும், எல்லாக் கோரிக்கையிலும் தானாகப் போகும். ஆளின் பெயரையும் அன்றைக்கு மத்தியானம் அதே இடத்தில், அந்த வரிகளுக்கு அடியிலேயே எழுதிவிட்டாள். யார் லாகின் செய்கிறார்களோ அவர் பெயர் அங்கே வந்து உட்காரும். அடுத்தவர் லாகின் செய்யும்வரை அசையாது. அதுவரை நிலையத்திலிருந்து யார் எதைக் கேட்டாலும், உறையின் மேல் அந்த ஒரே பெயர்தான். பெயர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக, அந்தந்தச் சமயத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு வரி, எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் நாலு வரி மேலே எழுதப்பட்டுவிட்டது.

அதைச் சோதித்துப் பார்க்கும்போது, ஒரே ஆளாக உள்ளே போய், தன் பெயர் சரியாகப் போகிறதா என்று பார்த்துவிட்டு, சரி என்று எழுந்துவிட்டாள். இரண்டு பேரை ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அந்த வரியை இடம் மாற்றினாள். ரிசப்ஷன் அம்மாவையும் லென்ஸையும் அவரவர் கம்ப்யூட்டரில் ஒரு ரிப்போர்ட்டைத் திறக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு போன் செய்து கேட்டாள். இரண்டு பெயரும் தனித்தனியாகப் போயிருந்தன. எதற்கு என்று கேட்ட லென்ஸிடம், அப்புறம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் அவர் சொன்னது அவள் எதிர்பார்க்காதது. “சரி, பட்டியல் தப்பு. அவர் சொல்லலைன்னு மட்டும் இதுல எங்க இருக்கு? தம்பி அங்கதானே வேலை பாக்கறான்?”

அந்தச் சந்தேகத்தை இந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்ததே அவள்தான். இப்போது அவளே எடுத்துப்போக நினைத்தாலும் அது நகரவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள்.

தங்கை வேலைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை மட்டும் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டை எத்தனை மணிக்கு வாங்கினீர்கள் என்று அவள் கேட்டாள். டூட்டி முடிந்து நாலு மணி சுமாருக்கு வந்து, வாசலில் அந்த அம்மாவிடம் வாங்கிக்கொண்டேன் என்றார். நான்கு பத்துக்குத் திறக்கப்பட்ட அந்த ஒரு தடவை, அவருக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தடவைதான். அதைத் தவிர அந்த ரிப்போர்ட்டை நிலையத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

“அப்ப உங்க கம்பெனிக்கு யார் சொன்னது மாப்பிள்ளை? என் ஆபீஸ்ல ஒருத்தரை நாலு நாளா வீட்டுல உக்காத்தி வெச்சிருக்கேன்.”

அவர் கையிலிருந்த சட்டையை உதறி, கொடியில் போட்டு, மடிப்பை நீவினார். நீவிக்கொண்டே இருந்தார்.

“யாரும் சொல்லலக்கா. நான்தான் சொன்னேன்.”

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். போன வாரம் ஒரு வளைவில் எதிரே வந்த லாரியின் விளக்கு இரண்டு நான்காகத் தெரிந்ததாம். பின்னால் நாற்பத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டயரைப் பார்க்க வேண்டும் என்று வண்டியை ஓரங்கட்டி, இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டார். கால் மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். டிப்போவுக்கு வந்து சேர்ந்ததும் நேரே அதிகாரியிடம் போய், பையில் வைத்திருந்த அந்தக் காகிதத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. எப்படித் தெரிந்தது என்று மனைவி கேட்டபோது, யாராவது சொல்லியிருப்பார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

“அதோட போயிடும்னு நெனச்சேன்க்கா. ஒரு ஆளு மேல போய் விழும்னு நெனக்கல.”

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் செய்ததில் பாதி பெரிய காரியம். மீதிப் பாதியைத் தன் தங்கைதான் கேட்க வேண்டும். இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் சொல்லியும்விட்டார். தங்கை அன்று சாயங்காலம் அக்காவுக்கு போன் செய்து, “எனக்குத் தெரியாம எல்லாரும் நல்லவங்களா இருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகு பத்து நாள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளை இப்போது டிப்போவில் வண்டிகளைப் பார்த்து அனுப்பும் வேலையில் இருக்கிறார்.

மேனேஜருக்கு இதைக் கேட்டதும் பெரிய நிம்மதி. விசாரித்தோம், ஒன்றும் இல்லை என்று சொல்லி ஊசி அண்ணனை வரச்சொல்லிவிடலாம், ஹெட்டர் கதையை யாரிடமும் பிரஸ்தாபிக்க வேண்டாம் என்றார். ஆறு மாதப் பெயர்கள் தப்பு என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி சும்மா இருக்காது என்பது அவருடைய பயம். சிஸ்டம் அக்கா சம்மதிக்கவில்லை. அந்தப் பட்டியல் அங்கே இருக்கிறவரை, நாளைக்கு வேறு எவராவது எடுத்துப் பார்த்தால் மறுபடி அதே மனிதர்தான் மாட்டுவார் என்றாள். ஆறு மாதமும் பதிவான பெயர்கள் எதையும் நம்பக்கூடாது, பிழை என்னுடையது என்று கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேனேஜர் பார்க்கப் பார்க்கவே அனுப்பினாள். அதற்காக அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கண்டனக் கடிதம் வந்தது.

ஊசி அண்ணன் வீட்டுக்கு அவள் தனியாகத்தான் போனாள். அவர் மனைவி நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வா என்று கூப்பிடவில்லை. அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கம்ப்யூட்டர் விஷயத்தையும் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

“அந்த ரூம்ல உங்களத்தான் பாத்துட்டே நின்னேன்,” என்றார் முடிவில். “இந்த ஆளுக்கு எழுத்தைத் தேடித் தட்டவே அரைமணி ஆகுது, இவரா நூத்திப் பத்து பாத்தாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு. சொல்லக்கூட வேண்டாம். என்னைக் கேட்டிருக்கலாம்.”

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை வந்தார். ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போனார், ஒன்பதரைக்குத் திரும்பினார். விவரத்தை ஏற்றி முடித்ததும் நேரே அவள் மேஜைக்கு வந்து நின்றார். நேற்றைய பட்டியல் வருமே, அதில் என் பெயர் இருக்கிற பக்கத்தைக் காட்டுங்கள் மேடம் என்றார். ‘ஏம்மா’ போய் ‘மேடம்’ ஆகிவிட்டதை அவள் காதில் வாங்கிக்கொண்டாள். நேற்று நீங்கள் வரவே இல்லையே, இருக்காது என்றாள். இல்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, வரி வரியாகப் படிக்கிறார். திறந்த ரிப்போர்ட்டுகளோடு, யார் எந்தக் குழாயின் விவரத்தை ஏற்றினார் என்பதையும் இப்போது பட்டியலில் சேர்த்து அனுப்புகிறார்கள். தான் போன வீடுகளை ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். இரண்டும் சரியாக இருந்தால் காகிதத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதியிடுகிறார். அவள் ஒரு கோப்பில் அதைச் சேர்த்து வைக்கிறாள். நம்புங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

போன வாரம் ஒரு நாள் அவருடைய நோட்டில் பதினைந்து என்றும், பட்டியலில் பதினாறு என்றும் இருந்தது. அவர் இரண்டு முறை எண்ணினார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“பதினஞ்சு வீடுதான் போனேன் மேடம்.”

இருவரும் வரிசையாகத் தேடினார்கள். ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் ரத்தம் எடுத்திருந்தார். நோட்டில் ஒரு வீடு, பட்டியலில் இரண்டு குழாய். அவள் அந்த இரண்டு வரிகளையும் விரலால் காட்டினாள். அவர் யோசித்து, ஆமாம், அந்த அம்மாவும் கையை நீட்டினார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் உடனே கையெழுத்துப் போடவில்லை. வாசலுக்குப் போய், அந்த வீட்டுச் சீட்டு இரண்டையும் ரிசப்ஷன் அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்துதான் பேனாவைத் திறந்தார்.